பரிபூரணம் சுரண்டிய சிவப்புக் குறி

"சும்மா யாராச்சும் எதையும் குடுப்பாகளா?" என்பது பரிபூரணத்தின் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. பால்காரர் ஊற்றியதை மோந்து பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளை ஏற இறங்கப் பார்ப்பாள். பாவம், பட்டவள். இராஜபாளையத்தில் ரோட்டோரம் குடியிருந்தபோது யாரோ வந்து சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அவளும் கண்டுகொள்ளவில்லை. மறுவாரம் புல்டோசர் வந்து வீட்டைத் தரைமட்டமாக்கியது. அதன் பிறகுதான் மகள் ஜெயபாயோடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தாள். பேண்டேஜ் கம்பெனி வேலைக்கு இன்னமும் இராஜபாளையம் பஸ்தான்.

தொண்ணூற்று மூன்றில் தெருச் சங்கத்தார் புதிதாக ஒரு காரியத்தில் இறங்கினார்கள். பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்த வீடுகளில் மிஞ்சியதை டப்பா டப்பாவாகக் கேட்டு வாங்கி, கட்டுப்போடுகிற காஸ் துணியில் வடிகட்டி, ஒரே டிரம்மில் கலக்கித் தெருக் கதவுகளுக்கெல்லாம் இலவசமாக அடிப்பது. பெயிண்டர் சூசைதான் முன்னின்றான். கூட்டம் போட்டு விவரம் சொன்னார்கள். வசூலுக்கு வலை விரிக்கிறார்கள் என்று பரிபூரணம் அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கதவைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. கதவில் சிவப்புப் பெருக்கல் குறி! மறுநாள் ஜெயபாயைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வருகிறார்கள். தட்டித் தட்டிப் போய் மூன்று வருஷம் கழித்து அமைந்த இடம். இந்த வீடும் போனால் பிள்ளையை எங்கே வைத்துக் காட்டுவது? கத்தியை எடுத்துக் குறியை மரம் தெரியச் சுரண்டிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தெருக் கதவெல்லாம் பச்சையிலும் சேராத, சாம்பலிலும் சேராத ஒரே நிறத்தில் பளபளத்தன. அவள் கதவு மட்டும் சொறி பிடித்து நின்றது.

"ஏலே சூசை, எங்க வீட்டை மட்டும் எதுக்குலே விட்ட?"

"யக்கா, அடிக்கப்போற கதவுக்கெல்லாம் குறி போடுவோம், வேண்டாம்னா அழிச்சிருங்கன்னு கூட்டத்துல சொன்னமே. நீங்கதான சொரண்டிட்டீக?"

அவன் ஒளித்து வைத்திருப்பான் என்று டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அடியில் காய்ந்த பெயிண்ட் ஆடைதான் கிடந்தது.

"கடையில வாங்கி அடிச்சாலும் இந்தக் கலரு வராதுக்கா. அடுத்த பொங்கலுக்குப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு ஜெயபாயைப் பிடித்திருந்தது. காபி டம்ளரைக் கையில் வாங்கிய மாப்பிள்ளையின் அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"தெரு பூராவும் ஒரே பெயிண்டு. உங்க கதவு மட்டும் விட்டுப்போச்சே? ஒதுக்கி கிதுக்கி வச்சிருக்காகளா?"

பரிபூரணம் பதறிப்போய், புல்டோசரிலிருந்து கத்தி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் பேசியதில்லை.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சும்மா வாரத யாராச்சும் வேண்டாம்பாகளா?" என்று சொல்லி, காபியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.