தம்புசாமி அடுக்கிய விறகு

தம்புசாமி என் வீட்டு வேலியோரம் குந்தியிருக்கிறார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். பிறகு ஒன்றின் வெட்டுவாயைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். "இன்னும் சில்லுன்னு இருக்கு. உள்ள தண்ணி நிக்குது லா" என்று எனக்கு அறிவிக்கிறார். நான் கேட்கவே இல்லை. மணி ஆறே முக்கால். நான் வேலைக்குப் போக வேண்டும், என் சைக்கிளை வெளியே எடுக்க விடாமல் அவர் விறகு வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது.

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இருபது வீடு. கல்யாணமோ கருமாதியோ, வெளியே அண்டா ஏறினால் அடுப்பு தம்புசாமியுடையது. யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். பட்டறையில் ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதருக்கு நெருப்பில் என்ன இவ்வளவு அக்கறை என்று யாருக்கும் தெரியாது. ஒரு கருமாதி வீட்டில் அடுத்தவர் மூட்டிய அடுப்பிலிருந்து கட்டையை வெளியே இழுத்துப் போட்டு, "இது எரியல, வேகுது" என்றார். அந்த வீட்டுக்காரர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

கடை விறகு அவருக்கு ஆகாது. டெங்கில் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினால் தெரிந்த லோரிக்காரரிடம் சொல்லிப் பச்சையாகவே இறக்குவார். பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக, காற்று புகுந்து போக இடைவெளி விட்டு அடுக்குவார். அவர் வீட்டு வாசலில் இடம் போதாது. ஆகவே என் வாசல். அதில் துணி காயப்போடக் கூடாது, கோழி ஏறக் கூடாது, என் மனைவி சிவகாமி சாயக்கூடக் கூடாது. இப்போதுதான் கேஸ் அடுப்பு வந்துவிட்டதே என்று சொல்லிப் பார்த்தேன். "கிராணியாரே, நீங்க கணக்கு எழுதுங்க" என்று ரயில்வே குமாஸ்தாவான என் வாயை அடைத்துவிட்டார்.

போன வருஷம், எழுபத்தெட்டு தையில், என் மகள் தனலெட்சுமிக்குக் கல்யாணம். நானூறு பேருக்குச் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானில் கொஞ்சம் வசதியானவர்கள், வாயும் பெரிசு. பந்தியில் ஒரு குறை வந்தால் அதை என் மகளிடம் இருபது வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள் என்பது எனக்கு நிச்சயம். அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. தம்புசாமியோ இரண்டு மாதம் முன்பே விறகை இறக்கி, மேலே ஒரு தகரத்தை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். சாயங்காலம் தவறாமல் மழை. சாரல் பக்கவாட்டில் அடிக்கிறதே, மூட வேண்டாமா என்று தினமும் கேட்டேன். "தலைக்குக் குடை போதும். சட்டை மாட்டாதீங்க" என்பதே தினமும் பதில்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவரை வெளியூரில், கிமாஸில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பெய்த மழையில் என் பொறுமை போய்விட்டது. லோரி தார்ப்பாய் ஒன்றை இரவல் வாங்கி, விறகை உச்சியிலிருந்து தரைவரை போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். எனக்கு அவ்வளவு திருப்தி.

பத்து நாள் கழித்துத் தம்புசாமி வந்து கயிற்றை அவிழ்த்தார். குப்பென்று புளித்த வாடை. கட்டைகளில் வெள்ளையும் நீலமுமாகப் பூஞ்சணம் மண்டிக் கிடந்தது. பிளந்த இடத்தில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டியது. "யாரு கட்டுனது?" என்றார். நான்தான் என்றேன். வாசலில் நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டினார். படித்தவன், கிராணி, ஆனால் விறகுக்கு மூச்சு வேண்டும் என்று தெரியாதவன். எனக்கு எரிச்சலும் அவமானமும் ஒன்றாக வந்தது. கல்யாணத்துக்கு நாலே நாள்.

செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் விறகுக்கடை விறகுக்கடையாக ஏறி இறங்கினேன். தைப்பூச நேரம். தண்ணீர்ப்பந்தல்காரர்கள் அன்னதானம் சமைக்கக் காய்ந்த விறகையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். தம்புசாமி மூன்று நாள் லீவு போட்டார். ஒவ்வொரு கட்டையையும் மணிக்கட்டுப் பருமனுக்கு மறுபடி பிளந்து சிமெண்டுத் தரையில் வெயிலுக்குப் பரப்பினார், மேகம் கூடினால் வாரினார், ஒரு டிரம்மில் நெருப்புப் போட்டுச் சுற்றிலும் நிறுத்திக் காயவைத்தார். திட்டுவதையும் நிறுத்தவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அதற்கும் ஒரு திட்டு.

அப்படியும் கல்யாணத்தன்று காலையில் அடுப்பு அழுதது. கட்டை முனையில் நுரை தள்ளியது, புகை பந்தலுக்குள் போனது. தாலி கட்டும்போது தனலெட்சுமியின் கண்ணில் தாரை தாரையாக நீர். பெற்றவர்களைப் பிரிகிற துக்கம் என்று நாலு பேர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். சமையல்காரர் சபாபதி அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து தலையில் அடித்துக்கொண்டார். தம்புசாமி மட்டும் தரையோடு தரையாகப் படுத்து ஊதினார், அடுத்துப் போகவேண்டிய கட்டைகளை அடுப்பு வாயிலேயே சாய்த்து வாட்டினார், ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். பதினோரு மணிக்குப் போடவேண்டிய பந்தி. பன்னிரண்டு அடித்தபோதுதான் தீ நன்றாகப் பிடித்து உலை கொதித்தது.

அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா அய்யாவு பின்பக்கம் வந்தார். பின்னாலேயே அவர் வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் பசி.

"பொண்ணு வீட்டுல பச்ச வெறகையா வாங்கிப் போட்டீங்க? யாரு இதுக்குப் பொறுப்பு?"

பட்டு ஜிப்பாவும் ஜரிகை வேட்டியுமாக நான் அங்கேதான் நின்றேன். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டேன்.

தம்புசாமி எழுந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம், முகமெல்லாம் சாம்பல். "நாந்தாங்க பாஸ். கிராணியாரு காஞ்ச வெறகுதான் வேணும்ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நாந்தான் பச்சையில எறக்கிட்டேன்" என்றார்.

அய்யாவு வாய்க்கு வந்தபடி பேசினார். தன் அடுப்பைப் பற்றி யார் ஒரு வார்த்தை சொன்னாலும் பாய்கிற தம்புசாமி, குவார்ட்டர்ஸே வேடிக்கை பார்க்க, தலையைக் குனிந்து அத்தனையும் கேட்டுக்கொண்டார். அவர்கள் பந்தலுக்குத் திரும்பியதும் நான் ஏதோ சொல்லக் கிட்டே போனேன். அவர் கரிபிடித்த கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, என் ஜிப்பாவில் அழுக்கு ஒட்டாதபடி முழங்கையால் என்னைப் பந்தல் பக்கம் தள்ளினார்.