காலியாக இருந்த கரும்பலகை

உழவர்கரையில் ஏழாம் வகுப்புக்கு நான் டீச்சர். முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைதான் எங்கள் பள்ளியில் லீடர். நான் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் லீடரின் வேலை. பிள்ளைகளை வேவு பார்க்கப் பழக்கிவிட்டு, அடுத்த பீரியடில் மக்களாட்சிப் பாடம் நடத்த எனக்கே எரிச்சலாக இருந்தது. இந்த வருஷம் ஓட்டுப் போடச் சொன்னேன். "யார் பேரையும் எழுத மாட்டேன்" என்று சொன்ன பெண் ஜெயித்தாள்.

மறுநாள் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது, வகுப்பு சந்தைக்கடை ஆகியிருக்குமோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் சத்தம் இருந்தது, சண்டை இல்லை. கரும்பலகை காலி.

"யார்லாம் பேசுனது?"

லீடர் எழுந்தாள். "எல்லாரும்தான் மிஸ். நானும் பேசுனேன்."

அப்பாடா என்றிருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த லீடரும் தன் பெயரை எழுதிக்கொண்டதில்லை.