கிளைவின் கல்யாணக் கோட்டு

கேய்னர் சக்டனை எங்கள் திஸ்ல்பெக் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக உருளைக்கிழங்கு மசித்துப் போடுகிறாள். தலைமுடியை நெற்றிக்கு மேல் இரண்டு உருளையாகச் சுருட்டி ஊசி குத்தியிருப்பாள். உதட்டில் நல்ல சிவப்புச் சாயம். பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு கிழங்கைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்க்கும்.

வயது ஐம்பத்தெட்டு. உடுப்பெல்லாம் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து உடுப்பு. அவள் பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே முடிந்துபோன சண்டை.

ஒன்றொன்றாகத்தான் சேர்த்தாள். பழந்துணிக் கடையில் ஒரு பூப்போட்ட கவுன், தோளில் பஞ்சு வைத்தது. யாரோ இறந்த வீட்டைக் காலி செய்தபோது ஒரு தொப்பி. பூச்சி அரித்த ஓட்டையில் கோழி இறகைச் செருகிக்கொண்டாள். பாராசூட் பட்டில் தைத்த உள்பாவாடை ஒன்றும் உண்டு. அதை வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டுவாள். எங்கள் போதகருக்கும் காட்டப் போனாள். நான்தான் கையைப் பிடித்தேன்.

மே மாதத்தில் இரண்டு நாள் எங்கள் ஊரே அந்தக் காலத்துக்குப் போய்விடும். கடை வாசலில் மணல் மூட்டை, ஸ்டேஷனில் நீராவி ரயில், பேண்டு வாத்தியம். பெண்கள் பிளாட்பாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பார்கள். அதுதான் பெரிய மரியாதை. யார் நடக்கலாம் என்று சொல்கிறவர் விழாக் கமிட்டியின் மிஸஸ் ஹார்கிரீவ். உடுப்பு நிஜமாகவே அந்தக் காலத்துதானா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார். தேறாதவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு டீக் கூடாரத்தில் கரண்டி பிடிக்க வேண்டும்.

கேய்னர் மூன்று வருஷம் கூடாரத்துக்குப் போனாள். முதல் வருஷம் நைலான் ஜிப். அடுத்த வருஷம் புது எலாஸ்டிக். மூன்றாம் வருஷத்துக் குறையை நான் எழுதக் கூடாது, உள்ளாடை விஷயம்.

"வருஷம் பூரா கரண்டிதான் பிடிக்கிறேன், நோரீன். அன்னைக்கும் கரண்டியா? ஒரே ஒரு தடவை அந்தப் பிளாட்பாரத்துல நடந்துட்டா போதும்டி எனக்கு" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அந்தக் காலத்தில் துணிக்கும் ரேஷன். சண்டைக்குப் புருஷன் போன பிறகு, அவன் கோட்டையும் பேண்ட்டையும் வெட்டிப் பெண்கள் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக்கொண்டார்கள். மிஸஸ் ஹார்கிரீவுக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. கேய்னரின் புருஷன் கிளைவ் சண்டைக்கெல்லாம் போகவில்லை. மீன் பிடிக்கப் போயிருந்தார், இரண்டு நாள். அவருடைய கல்யாணக் கோட்டையும் பேண்ட்டையும் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வந்துவிட்டாள்.

"அவர் திரும்பி வந்தா என்னடி சொல்லுவே?" என்றேன்.

"சண்டைக்குப் போனவங்களும்தான் திரும்பி வந்தாங்க. என்ன சொன்னாங்களோ அதையே நானும் சொல்றேன். அது அவருக்கு இப்ப ஏறாதுடி. ஒரு கை மட்டும்தான் உள்ள போகும்."

கத்திரியை வைப்பதற்கு முன் நான் ஜெபம் பண்ணினேன். எதற்காக என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துக் கோயில் வாசலில் கிளைவ் என்னைக் கேட்டார்: "என் கல்யாணக் கோட்டைக் காணோம். நீங்க எங்கேயாவது பாத்தீங்களா, நோரீன்?"

"அப்படி ஒரு ஆம்பளைக் கோட்டு இப்ப எங்கேயும் இல்லீங்களே" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அது பொம்பளை ஜாக்கெட்டாகி நாலு நாள் ஆகியிருந்தது. இருந்தாலும் அன்றைக்கு ஆராதனையில் பாட்டு சரியாக வரவில்லை எனக்கு.

அந்த நாளும் வந்தது. கிளைவ் விடிகாலையிலேயே தூண்டிலோடு கிளம்பிவிட்டார். கேய்னர் ஸ்டாக்கிங் என்கிற நீளக் காலுறை போடவில்லை. சண்டைக் காலத்தில் அது கிடைக்காது. குழம்புக்கு நிறம் சேர்க்கிற பழுப்புத் தண்ணீரைக் காலில் பூசி, பின்பக்கம் தையல் மாதிரி புருவப் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வார்கள். கோடு நான் இழுத்தேன். மனச்சாட்சி நடுங்கியதில் இடது கால் கோடு கொஞ்சம் ஆற்றங்கரைப் பாதை மாதிரி போய்விட்டது.

ஸ்டேஷன் வாசலில் மிஸஸ் ஹார்கிரீவ் ஜாக்கெட்டைத் தடவினார், முகர்ந்தார், பொத்தான்களை எண்ணினார்.

"புருஷன் கோட்டா?"

"ஆமாங்க. சொந்தப் புருஷன்."

"தையல் பிரமாதம். எந்த வருஷத்துத் துணி?"

கேய்னர் கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள். "என் கல்யாணத்துக்கு லீட்ஸ்ல தச்சதுங்க. எண்பத்தி நாலு."

"அப்ப இது பழசே இல்லையேம்மா." காகிதத்தில் பெருக்கல் குறி போட்டார். ஏப்ரன் மடித்துத் தயாராக இருந்தது. கேய்னர் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவள் பேசாமல் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏய்! அது என் கோட்டு!"

கிளைவ்! ஆற்றில் வெள்ளம் என்று பாதியில் திரும்பியவர், கையில் பாதி கடித்த பன்றி இறைச்சி ரொட்டியோடு நிற்கிறார். நான் மணல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க தாத்தா கோட்டுடி அது! அதைப் போய் வெட்டியிருக்கியே!"

"தாத்தாவா?" கேய்னருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "லீட்ஸ்ல பெரிய தையல்காரன்கிட்ட அளவு கொடுத்துத் தச்சதுன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே?"

கிளைவின் கழுத்து சிவந்தது. "அளவு கொடுத்துத் தச்சதுதான். அளவு மட்டும் தாத்தாவோடது. புதுசு வாங்க அப்ப எங்கிட்ட ஏதுடி காசு?"

"இத்தனை வருஷமா வாயே திறக்கலையே!"

"நீ மட்டும் திறந்தியா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க." மிஸஸ் ஹார்கிரீவின் குரல் மாறியிருந்தது. "உங்க தாத்தா எப்ப தச்சாரு?"

"சண்டைக்கு முந்தி. உள்பையைத் திருப்பிப் பாருங்க, தையல்காரன் எழுதி வச்சிருப்பான்."

பையின் அடியில் சின்னத் துணித் துண்டு. அதில் மசியில் 'ஏ. சக்டன், மார்ச் 1938'. பூதக்கண்ணாடி அதன் மேல் ரொம்ப நேரம் நின்றது. பிறகு மிஸஸ் ஹார்கிரீவ் கேய்னர் கையிலிருந்து ஏப்ரனைப் பிடுங்கினார்.

"சண்டைக்கு முந்தின துணி. புருஷனுக்குத் தெரியாம வெட்டினது. புருஷன் வந்து சத்தம் போடறான். இவ்வளவு சரியா இதுவரைக்கும் யாருமே செஞ்சதில்லை. நடங்க, மிஸஸ் சக்டன்."

கேய்னர் நடந்தாள். தோள் நிமிர்ந்து, தொப்பி சாய்ந்து, ஒரு அவசரமும் இல்லாமல். பின்னாலேயே கிளைவ்.

"பேண்ட்டு எங்கடி? அந்தப் பேண்ட்டையாவது கொடு!"

"கண்ணு முன்னாலதானே ஆடுது, பாவாடையா. பாத்துக்கிட்டே வாங்க."

கமிட்டி ஏற்பாடு செய்த நாடகம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பேண்டு இன்னும் பலமாக வாசித்தது. அந்தக் கோடிக்குப் போனவள் நிற்காமல் திரும்பி, மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள். மிஸஸ் ஹார்கிரீவ் தடுக்கவில்லை. கிளைவ் திட்டிக்கொண்டேதான் வந்தார். ஆனால் கால் மட்டும் வாத்தியத்துக்குச் சரியாக விழுந்துகொண்டிருந்தது.