பூவாளி

"பச்சையா, சிவப்பா?"

மொட்டை மாடியிலிருந்து கேள்வி படிக்கட்டு வழியாக இறங்கியது.

"பச்சைதான்க்கா!" கீழிருந்து தையல்காரியின் குரல் ஏறி வந்தது. சுரத்தில்லாத குரல்.

பூவாளி இரண்டடி நகர்ந்து குந்தினாள். ரப்பர் கையுறை போட்ட கையில், முடிவெட்டும் கடைகளில் தலை நனைக்க வைத்திருப்பார்களே, அந்தத் தண்ணீர்ப் புட்டி. சோலார் பேனலின் அடியில் ஓடும் கருப்புக் கம்பியைக் குறிபார்த்து நாலைந்து முறை அழுத்தினாள். சுள்ளென்ற வெயிலில் ஒரு முழம் கம்பி நனைந்து மினுங்கியது. பிறகு பக்கத்து மாடிக் காக்கைகள் எழுந்து பறக்கும்படி கத்தினாள்:

"அணைச்சுப் போடு தங்கச்சி!"

கீழே இன்வெர்ட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்தவுடன் அது தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். பேனலிலிருந்து வரும் மின்சாரம் வழியில் எங்காவது கசிகிறதா என்று பார்க்கும். கசியவில்லை என்றால் பச்சை விளக்கு, வேலை தொடங்கும். கசிந்தால் சிவப்பு. அதோடு அடம்பிடித்த குழந்தை மாதிரி கீச்கீச்சென்று கத்திக்கொண்டு எதற்கும் மின்சாரம் தராமல் உட்கார்ந்துவிடும்.

"பச்சை!"

பூவாளி என்பது தொழிலில் இருக்கும் மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர். கரண்ட் ஓடுகிற இடத்தில் தண்ணீர் தெளிக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளுக்கு அது பிடித்துப்போய், தன் ஸ்கூட்டரின் முகப்பில் மஞ்சள் பெயின்டால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். நாற்பதைத் தாண்டியவள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். போட்டுக்கொண்டு பார்த்தவர் குறைவு. தற்பெருமைக்குக் குறைச்சல் கிடையாது. "நான் தோத்த வீட்டைக் காட்டு, அந்த வீட்டுக்கே பெயின்ட் அடிச்சுத் தர்றேன்" என்பாள்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவள் முதலில் இன்வெர்ட்டரைப் பார்ப்பதில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "யார் பார்த்தது?" என்று கேட்பாள். வேறு யாராவது வாயைத் திறந்தால் உள்ளங்கையை நீட்டித் தடுப்பாள். "பார்த்தவங்க பேசட்டும்." பிறகு, பார்த்தவர் என்ன உளறினாலும் குறுக்கே பேசாமல் கேட்பாள். மீட்டர் பையிலேயே கிடக்கும்.

இந்த வீட்டில் பார்த்தவள் தையல்காரி மட்டும். அதுதான் அவளுடைய கஷ்டமே.

அந்தத் தெருவில் தினமும் விடிந்ததும் மின்சாரம் போகும். வெயில் ஏறின பிறகுதான் திரும்பும். அவள் தையல் இயந்திரம் மோட்டாரில் ஓடுவது. சீருடைக் கடையிலிருந்து துணி வெட்டி வரும், இவள் தைத்துக் கொடுப்பாள். பிள்ளைகள் எழுவதற்கு முந்திய அந்தக் காலைதான் அவளுக்கு வேலை ஓடும் நேரம். அதற்காகவே சண்டை போட்டு சோலார் வைக்கச் சொன்னாள். இரவெல்லாம் பேட்டரியில் சமர்த்தாக ஓடும் இன்வெர்ட்டர், பேனலில் வெளிச்சம் பட்டதும் சிவப்பு காட்டி நின்றுவிடுகிறது. பத்து மணிக்குத் தானாகவே பச்சை. பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் வலி ஓடிப்போகிற கதைதான். சரிசெய்ய வந்தவர்கள் எல்லோரும் பதினொரு மணிக்கு வந்தார்கள். பச்சையைப் பார்த்தார்கள். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கையை விரித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். இருட்டோடு போய் சாயங்காலம் திரும்புகிறவர். அவரும் சிவப்பைக் கண்டதில்லை. "ராத்திரியெல்லாம் முழிச்சுத் தைக்கிற, காலையில கனவு காணுற" என்பது அவர் கட்சி. கடைக்காரர் இன்னொரு தடவை தாமதமானால் துணியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியாகிவிட்டது. ஓட்டுநர், மொத்தத்தையும் கழற்றிக்கொண்டு போக நாளைக்கு ஓர் ஆளை வரச் சொல்லியாகிவிட்டது. சோலார் போனால் தையலும் போகும். அதைவிட, காலம் முழுக்க 'நீ கண்ட கனவு' என்று பேச்சு கேட்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு முடித்துப் பூவாளி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "நடுவுல என்னைக்காவது காலையிலயே பச்சையா இருந்திருக்கா?"

தையல்காரி யோசித்தாள். "இருந்திருக்குக்கா. மாடியில துணி எடுக்க மறந்துட்டா, விடிஞ்சு பார்க்கிறப்போ பனியில சொதசொதன்னு இருக்கும். அன்னைக்கெல்லாம் கண்டிப்பா சிவப்பு. துணி காய்ஞ்சபடியே இருந்தா அன்னைக்குப் பச்சை."

பூவாளி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "புட்டியில தண்ணி பிடிச்சுக் கொடு. பனியை நாமளே பெய்ய வைப்போம்."

இன்றைக்கு லீவு போட்டிருந்த ஓட்டுநர், இன்வெர்ட்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரைமணி பொறுத்தவர் படிக்கட்டு வரை வந்து கத்தினார்.

"மேடம்! நல்லா இருக்கிறதைத் தண்ணி ஊத்திக் கெடுத்துட்டு, கெட்டுப்போச்சுன்னு சொல்லப் போறீங்களா?"

"நல்ல கம்பி குளத்துல கிடந்தாலும் வாயைத் திறக்காது மாப்பிள்ளை!"

"மாப்பிள்ளையா?"

"இவ எனக்குத் தங்கச்சின்னா நீங்க யாரு? போய் விளக்கைப் பாருங்க!"

இணைப்புகளை நனைத்தாள். பச்சை. கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தை நனைத்தாள். பச்சை. இரண்டாவது பேனல், மூன்றாவது பேனல். பச்சை, பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் தையல்காரியின் குரல் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது. மேலே நின்ற பூவாளிக்கு விளக்கு தெரியாது, குரல்தான் தெரியும். புட்டியில் தண்ணீர் அடிக்கு வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

கடைசிப் பேனலின் இரும்புக் காலில் துணி காயப்போடும் கொடிக்கம்பி கட்டியிருந்தது. ஏழெட்டுச் சுற்று, இறுக்கி முறுக்கி, மேலே ஒரு முடிச்சு. காலோடு சேர்ந்து பேனலின் கருப்புக் கம்பியும் அந்தச் சுற்றுக்குள் மாட்டியிருந்தது. பூவாளி முடிச்சைக் குறிபார்த்து அழுத்தினாள்.

"அணைச்சுப் போடு!"

 ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு கீச்கீச் சத்தம். அதையும் அமுக்கிக்கொண்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருமே, அப்படி ஒரு கூவல்.

"சிவப்பு! அக்கா, சிவப்பு! சிவப்புக்கா!"

"ஏய், நீ எதையாவது தொட்டியா?" ஓட்டுநரின் குரல்.

"நான் எங்க தொட்டேன்? உங்க கண்ணு முன்னாடிதானே நிக்கிறேன்? பாருங்க. கிட்ட வந்து நல்லாப் பாருங்க. இது கனவா?"

பூவாளி துணியால் கம்பியைத் துடைத்து வெயிலில் உலர விட்டாள். பச்சை. மறுபடி நனைத்தாள். சிவப்பு. "ஒரு தடவை வந்தா சந்தேகம். திரும்பத் திரும்ப வந்தாத்தான் சாட்சி" என்பது அவள் கொள்கை. சாட்சி போதுமான பிறகும் கீழிருந்து கெஞ்சல் வந்தது: "அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை அடிங்கக்கா. அவர் சரியாப் பார்க்கலை." பூவாளி சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அடித்தாள்.

எல்லா இணைப்பையும் துண்டித்துவிட்டுக் கொடிக்கம்பியை வெட்டி எடுத்தபோது கணவனும் மனைவியும் மேலே வந்துவிட்டார்கள். பேனல் கம்பியின் கருப்புத் தோலில் எள் அளவுக்கு ஒரு வெட்டு. உள்ளே செம்பு எட்டிப் பார்த்தது. பனி அந்த எள்ளில் தங்கி இரும்புக் காலைத் தொட்டுக்கொள்ளும். வெயில் ஏறி உலர்த்தியதும் விட்டுவிடும். பூவாளி அதைச் சொல்லி முடித்து, முடிச்சைக் கையில் உருட்டிப் பார்த்தாள்.

"யார் போட்டது?"

தையல்காரி வானத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தாள்.

"இவ துணி காயப்போட வசதியா இருக்கட்டுமேன்னு..." என்றார் ஓட்டுநர்.

"முடிச்சு அருமையான முடிச்சு மாப்பிள்ளை. போட்ட இடம்தான் கம்பியோட கழுத்தாப் போச்சு."

தையல்காரியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெட்டுப்பட்ட துண்டை எடுத்துவிட்டுப் புது இணைப்பு போட்டு, கம்பியை இரும்பு தொடாமல் தூக்கிக் கட்டினாள். கடைசித் தெளிப்பில் பச்சை. கையலம்பும் இடத்தில் ஓட்டுநர் புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டப் போனார். பூவாளி பிடுங்கிப் பையில் வைத்தாள். வேலை முடிந்த அன்று அவள் புட்டியைக் காலி செய்வதில்லை.

"ஏன்க்கா? சரியாயிடுச்சே?"

"நான் பெய்ய வச்ச பனிக்குச் சரியாயிடுச்சு. நிஜப் பனி இன்னும் வரலையே."

மறுநாள் நல்ல பனி. எதிர்வீட்டுக் கூரைத் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. விடிந்ததும் தெருவில் வழக்கம்போல மின்சாரம் போயிற்று. சூரியன் மேலே வந்தது. சோலாரைக் கழற்றுகிற ஆளை வர வேண்டாம் என்று ஓட்டுநர் முந்தின நாளே சொல்லியிருந்தார். பூவாளி தெருமுனையில் ஸ்கூட்டரை அணைத்து, தள்ளிக்கொண்டு அந்த வீட்டு வாசல் வரை வந்தாள். உள்ளே தையல் இயந்திரத்தின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக, காக்கிச் சட்டை போட்ட ஓட்டுநர் இன்னும் வேலைக்குக் கிளம்பாமல் டீ டம்ளரோடு இன்வெர்ட்டர் முன்னால் நிற்பது தெரிந்தது. அவள் கூப்பிடவில்லை. வாசல் கதவோரம் ஒரு ரோஜாத் தொட்டி இருந்தது. பையிலிருந்து புட்டியை எடுத்து, மூடியைத் திருகி, மிச்சத் தண்ணீரை அதன் வேரில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தாள்.