மாமா பழசாக்கிய பத்து சிடி

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், அம்மாவின் தம்பியான என் மாமா, நல்லூரில் எங்கள் வீதி முனையில் வீடியோ கேம் சிடி கடை வைத்தார். இரண்டு பக்கமும் பனியன் தைக்கிற மெஷின் ஓடுகிற வீதியில் இப்படி ஒரு கடை தேவையா என்று அப்பா கேட்டுப் பார்த்தார். "வெளையாடாத பசங்க ஆராச்சும் இருக்காங்களா மச்சான்?" என்றார் மாமா. பசங்களோடு பெண்பிள்ளைகள் நாங்களும் விளையாடுவோம் என்பதற்கு நானே சாட்சி. கார் பந்தயத்தில் என் அண்ணன் என்னை ஜெயித்ததாக ஞாபகமே இல்லை.

கடையில் கண்ணாடி அலமாரி ஒன்று. அதில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது சிடிகள் பளபளவென்று நிற்கும். கீழே ஒரு மரத்தட்டில் பழசுகள். விளையாடி முடித்த சிடியைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு போட்டால் வேறொரு பழசை எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி அலமாரியை வேடிக்கை பார்த்துவிட்டு எல்லோரும் மரத்தட்டில்தான் வாங்கினோம். கார் பந்தய சிடி ஒன்று எங்கள் வீதியில் ஏறி இறங்காத வீடே கிடையாது. மூன்றாவது பந்தயத்தில் படம் அப்படியே நின்றுவிடும். வெளியே எடுத்து, பனியன் துணி வேஸ்ட்டில் துடைத்துப் போட்டால் மறுபடி ஓடும்.

அந்தக் கார் பந்தயத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது. மாமா ஆசை ஆசையாகப் பத்து சிடி எடுத்துவந்து அடுக்கினார். வீதியே போய்ப் பார்த்தது. ஒருவரும் வாங்கவில்லை.

"எவனாச்சும் வாங்கட்டும். ஒரே மாசத்துல பழசுக்கு வந்துரும்" என்றான் அண்ணன். பக்கத்து வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள், எதிர்வீட்டிலும் இதையேதான். அந்த எவனாச்சும் யார் என்பதுதான் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கடைக்குப் போவேன். "பழசு வந்துருச்சுங்களா மாமா?"

"புதுசே போகலியே கண்ணு. பழசு எங்கிருந்து வரும்?"

கோயமுத்தூரில் சரக்கு கொடுத்தவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கொடுத்தனுப்பிய இட்லியோடு கடையின் பின்னறைக்குள் நுழைந்தேன். மாமா தரையில் உட்கார்ந்து, பிளேடால் புது சிடிப் பெட்டிகளின் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார். கிழித்த பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இரண்டு தேய்ப்பு தேய்த்தார். உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தின் முனையை மடக்கினார். "ஏனுங்க மாமா கிழிக்கறீங்க?" என்றேன்.

"புதுசுன்னா வெலையக் கேட்டுட்டுப் போயிர்றாங்க. பழசுன்னா அடிச்சுப் புடிச்சு வாங்குவாங்க" என்றார் மாமா. "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு."

அன்று பொழுது சாய்வதற்குள் பத்தும் போய்விட்டன. முதல் ஆளாக வாங்கியது என் அண்ணன். ஒவ்வொரு சிடிக்கும், முன்பு வாங்கி விளையாடியவர் என்று ஒருவரையும் மாமா உண்டாக்கி வைத்திருந்தார். பரீட்சைக்குப் பயந்து விற்றவர், ஊர் மாறிப் போனவர் என்று பல பேர். திருநெல்வேலியிலிருந்து வந்த, துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரின் மகளான பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னிடம் ஓடிவந்து காட்டினாள்.

"ஏட்டி, தாராபுரத்துல ஒரு டாக்டர் மவ ரெண்டே நாள்தான் வெளாண்டிருக்கா. எனக்குக் கெடைச்சிட்டு, பாத்தியா!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

மறுநாள் வினை வந்தது. அண்ணன் சிடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. எங்களுக்குத் தெரிந்து கீறல் இல்லாத பழசு உலகத்தில் கிடையாது. "இது டூப்ளிகேட்டு" என்று முடிவு கட்டினான். பத்து வீட்டுக்கும் செய்தி போனது. சாயங்காலம் எல்லோரும் கூட்டமாகக் கடைக்குப் போனோம். சில பெரியவர்களும் வந்திருந்தார்கள்.

"ஏனுங்க, கொழந்தைககிட்ட இப்படி ஏமாத்தலாமுங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"நெசமாலுமே ஒரிஜினலுங்க. பிரிக்காத புதுசுங்க!"

"புதுச ஆராச்சும் பழசுன்னு விப்பாங்களா?"

  கடைப் பெயர் கெட்டால் மாமாவுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது எனக்கே தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று மாமா சொன்னதை மறந்து பின்னறைக்கு ஓடினேன். குப்பை அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து கொட்டினேன். பத்து உறைகளும் சரசரவென்று விழுந்தன.

"நான் பாத்தனுங்க. மாமாதான் பிளேடுல கிழிச்சாங்க!"

கூட்டம் உறைகளைப் பார்த்தது. பிறகு கையில் இருந்த சிடிகளைப் பார்த்தது. அண்ணன் தன்னுடையதை மெதுவாகச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். "செரி விடுங்க மாமா" என்றான் பெருந்தன்மையோடு. ஒருவரும் திருப்பித் தரவில்லை. கலையும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை மட்டும் நின்று கேட்டாள்: "மூணாம் பாகம் வந்தா, பழசுல போடும்போது சொல்லுதியளா?"

வீட்டில் இதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "காதர்பேட்டை பனியன் கடைகள்ல நல்ல பனியனையே எக்ஸ்போர்ட்டுல கழிச்ச ரிஜெக்ட்டுன்னாத்தான் வாங்கறாங்க. உன்ற தம்பி இப்பத்தான் யாவாரி ஆயிருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னார். பல வருடம் கழித்து, வெளிநாட்டுப் பெரிய கேம் கம்பெனிகளும், எல்லோரும் பழசையே வாங்குகிறார்களே என்ற இதே கவலையில் தவித்ததைப் படித்தேன். முதலில் வாங்குகிறவருக்கு மட்டும் வேலை செய்யும் ரகசிய எண்ணைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்களாம். மாமாவிடம் இருந்தது ஒரு பிளேடு.

பத்து சிடியும் பழசு விலைக்குப் போனதில் மாமாவுக்கு நட்டம்தான். மூன்றாம் பாகம் எங்கள் வீதிக்கு வரவேயில்லை. கண்ணாடி அலமாரியில் செல்போன் உறைகளும் சார்ஜர்களும் வந்து உட்கார்ந்தன. ஒருநாள் மாமா தனியாக இருந்தபோது, எனக்குத் தோன்றியதை அவரிடம் சொன்னேன்.

"புதுசே எடுக்க வேண்டாமுங்க மாமா. பழசு மட்டும் வெச்சுக்குங்க. நாங்க அதையே மாத்தி மாத்தி வாங்கிக்கறோம். கடையும் நடக்கும், செலவும் இல்ல."

 "நல்ல யோசனை கண்ணு" என்று மாமா என் தலையைத் தடவிக் கொடுத்தார். மாமாவுக்கே வியாபாரம் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.