அக்கா தன் வீட்டுக்குத் தைத்த தோரணம்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அத்தான் என்னிடம் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் நல்லதை எழுத உட்கார்ந்தாலே கோபம் முந்திக்கொண்டு வருகிறது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா வாசுதேவநல்லூரில் மூத்த மகளாகப் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தையல் கற்று, என் பள்ளிக்கூடச் செலவையும் சேர்த்துச் சம்பாதித்தார்கள். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் வேலை பார்த்த அத்தானைத் திருமணம் செய்து தென்காசிக்கு வந்தார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் கவனிக்கும் பொறுப்பு அக்காவுடையது. எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரம் காயாமல் மெத்தையில் விழுவார்கள். சாரல் சீசன் முடியும்போது பாதி விரிப்புகள் எண்ணெய்க் கறையோடு நிற்கும். லாட்ஜில் அவற்றைக் கழித்துவிடுவார்கள். அக்கா கேட்டு வாங்கி வந்து, சலவை சோடா போட்டு வேகவைத்து, கறை போகாத இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் நட்சத்திரமும் மணியும் தேவதூதரும் தைப்பார்கள். உள்ளே இலவம்பஞ்சு. மார்கழி மழையில் காகித நட்சத்திரம் கரைந்துபோகும், துணி நட்சத்திரத்தைப் பிழிந்து காயப்போட்டால் போதும் என்பது அக்காவின் கணக்கு.

முதல் வருடம் ஆலயத்தில் கட்டிய தேவதூதரைப் பலருக்கு நினைவிருக்கும். பின்னால் சீரியல் பல்பு எரிந்ததும் தேவதூதரின் வயிற்றில் லாட்ஜின் முத்திரையும் அறை எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. சபையே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி இதயத்தை வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து எல்லாத் தேவதூதருக்கும் இதயம் வந்துவிட்டது.

அதோடு வந்தது வினை. ஆலயத்துக்கு, ஞாயிறு பள்ளிக்கு, எதிர்வீட்டுக்கு, லாட்ஜ் வரவேற்பறைக்கு, மகள் கேட்கிறாள் என்று வருகிறவர்களுக்கு என்று ஆவணியிலேயே ஆர்டர் தொடங்கிவிடும். ஆர்டர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், காசு கிடையாது, வெறும் கேட்பதுதான். தைத்ததெல்லாம் போய்விடும். அக்கா வீட்டு வாசலில் மட்டும் கடைசி நேரத்தில் கடையில் வாங்கிய காகித நட்சத்திரம் மழையில் நனைந்து தொங்கும். ஒவ்வொரு வருடமும் நான் சண்டை போட்டேன். உங்கள் வீட்டுக்கு ஒன்றே ஒன்றாவது எடுத்து வையுங்கள் என்பேன்.

"வந்து கேக்குதாவ, ஏட்டி. முகத்தைப் பாத்து எப்படி இல்லைன்னு சொல்ல?" என்பார்கள். இந்த ஒரே பதில்தான்.

போன வருடம் அக்காவுக்கே மனது வந்துவிட்டது. இந்தக் கிறிஸ்துமஸ் நம் வீட்டுக்கு என்று சொல்லி, வாசல் முழுக்க வரும்படி நட்சத்திரமும் தேவதூதரும் கோத்த ஒரு நீளத் தோரணம் தைக்கத் தொடங்கினார்கள். கால் வீங்கியது. நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம், மிஷினை மிதித்து மிதித்து வந்த வீக்கம், தோரணம் முடிந்தால் வற்றிவிடும் என்றார்கள். வற்றவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களிலும் அக்கா வலியைப் பற்றிப் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"ஏட்டி, அந்தத் தோரணப் பையை நீ எடுத்து வச்சுக்கோ. அத்தான் யார் கேட்டாலும் குடுத்துருவாவ. அது நம்ம வீட்டுக்குத் தச்சது."

கார்த்திகை மழையில் அடக்கம் நடந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது அந்தத் தோரணத்தையாவது கட்டலாம் என்றேன். துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டுகிற வழக்கம் இல்லை என்று சபைப் பொறுப்பில் இருக்கும் அண்ணாச்சி சொல்லிவிட்டார்கள். அக்கா தைத்ததை அக்கா வாசலில் கட்ட என்ன தடை என்று கேட்டேன். ஊர் என்ன சொல்லும் என்றார்கள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்கள். சரி, வழக்கம் வழக்கம்தான் என்று பையைத் திரும்ப என் வீட்டுக்கே எடுத்துப் போனேன்.

மறுநாள் அதே அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அந்தத் தோரணம் சும்மாதானம்மா கெடக்குது. கோயில் வாசலுக்குக் குடேன், அக்கா பேர் வெளங்கும்" என்றார்கள்.

அக்கா வீட்டில் கட்டக் கூடாது, ஆனால் ஊருக்குக் கொடுக்கலாம். உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குச் சிரமமே இல்லை. அண்ணாச்சி வருத்தத்தோடு போனார்கள். அதற்குப் பிறகும் இந்த வருடம் முழுக்க நாலைந்து பேர் அந்தப் பையைப் பற்றி ஜாடையாக விசாரித்தார்கள். எல்லாருக்கும் அதே பதில்தான்.

நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் துணையிருந்த எதிர்வீட்டு மதினிக்கும், ரத்தம் கொடுத்த லாட்ஜ் பிள்ளைகளுக்கும், கொட்டுகிற மழையில் கல்லறை வேலை அத்தனையையும் முன்னின்று நடத்திய அதே அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணாச்சி இதைப் படித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் ஜெபத்துக்குக் கட்டாயம் வர வேண்டும்.

வருட ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் தோரணத்தைக் கட்டுகிறோம். கடைசித் தேவதூதருக்கு இதயம் தைத்து முடியவில்லை. அப்படியே, லாட்ஜ் முத்திரையோடுதான் தொங்கப் போகிறது. எல்லாரும் வந்து பாருங்கள். காபியும் முறுக்கும் தருகிறேன். எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒன்று தாருங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அக்காவுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும்.

— தங்கை