காளியம்மா அக்காவின் சோற்றுக்கை

மலேசியாவில் ஈப்போவுக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது ஒரு கேள்விதான். புந்தோங்கில் எங்கள் தெருமுனையில் காய்கறி விற்கும் சீன அம்மா என்னைப் பார்த்ததும், "சுடா மாக்கான்?" என்பார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்றார் என் கணவர். மறுநாள் நான் நின்று, தெரிந்த நாலு மலாய் வார்த்தைகளில், இனிமேல்தான் சமைக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் அதற்குள் வேறு ஆளுக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் கேட்டால் பதிலுக்கு நிற்பார்கள் என்று அன்று பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமை பொய். ஊரில் அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போனபோது ஆறு மாதம் நான்தான் ஊட்டினேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. அம்மா வாயை மூடிக்கொள்வாள். இடது கையின் இரண்டு விரலால் அவள் மூக்கைப் பிடிப்பேன். மூச்சுக்கு வாய் திறந்ததும் சோற்றைத் திணிப்பேன். அவள் பிழைக்க வேண்டுமே என்றுதான். கல்யாணமாகி இங்கே வந்த எட்டாம் மாதம் அம்மா போய்விட்டாள். கடிதம் வந்து சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது.

இப்போது ஜெலாப்பாங் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அங்கே காளியம்மா அக்கா இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், ஐம்பது வயதுகூட இல்லை. அவருக்கும் வலது பக்கம் செயலில்லை, பேச்சு குழறும். ஊட்டினால் வாயை இறுக்குவார். தட்டை மடியில் வைத்தால் கவிழ்த்துவிடுவார்.

"வேணும்னே தட்டி விடுது லா. மூளை கொழம்பிருச்சு," என்றார் எனக்கு மூத்த பணியாளரான சரோஜா அக்கா. அவர் தோளில் ஒரு துணிப்பட்டை தொங்கியது. "இன்னிக்கு மத்தியானமும் திங்கலன்னா கையக் கட்டிட்டு மூக்கு வழியா டியூப்தான்னு நர்ஸ் மிஸ்ஸி சொல்லிட்டாங்க. நீ மூக்கப் புடி, நான் ஊட்டுறேன். செப்பாட், சீக்கிரம்!"

என் விரல்கள் தாமாகவே உயர்ந்தன. காளியம்மா அக்காவின் கண்கள் அந்த விரல்களையே பார்த்தன. அம்மாவும் இப்படித்தான் பார்த்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கையை இறக்கிவிட்டேன்.

"கொஞ்சம் இருங்கக்கா. அவங்களையே கேட்டுப் பாப்போம்."

"என்னாத்த கேக்குறது? மூணு வாரத்துல எனக்கே பாடமா? சிவப்பு ஐ.சி.காரி நீ, வேல போயிரும், பாத்துக்க."

சிவப்பு ஐ.சி. என்றால் இங்கே தங்க அனுமதி மட்டும்தான், குடியுரிமை கிடையாது. ஆனாலும், "என்ன வேணும்க்கா?" என்று கேட்டுவிட்டு நின்றேன். சரோஜா அக்கா துணியைப் பிரித்தார். நான் அசையவில்லை.

காளியம்மா அக்கா இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து, மூட்டை போலத் தூக்கித் தட்டில் வைத்தார். கை வழுக்கியது. தட்டு சாய்ந்தது. பாதிச் சோறு தரையில்.

"பாத்தியா! சொன்னேன்ல!"

காளியம்மா அக்கா கையை மறுபடியும் தூக்கி வைத்தார். விரல்கள் சோற்றின் மேல் கிடந்தன. எனக்கு அப்போது புரிந்தது. அவர் கவிழ்க்கவில்லை, சாப்பிடப் பார்க்கிறார். இடது கையால் உண்ண மனம் வரவில்லை, அடுத்தவர் கையும் வேண்டாம். தன் சோற்றுக்கைதான் வேண்டும்.

என் வலது கையை அவர் கைக்கு அடியில் கொடுத்து, அவர் விரல்களைச் சோற்றின் மேல் மடக்கித் தூக்கினேன். வாய் தானாகத் திறந்தது.

சரோஜா அக்கா துணியைச் சுருட்டி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "காளி, சாம்பார் ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு, கரண்டியோடு நின்றார்.

"மீ...ன்."

"மீனா! ராங்கியப் பாரு லா!"

மிஸ்ஸி வந்து தட்டைப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு அர மணி நேரமா? தினமும் யாரு செய்வா?"

"நான் செய்றேன் மிஸ்ஸி."

"ஒரு வாரம் பாப்போம்," என்று போய்விட்டார். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

ஊரில் படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களே, அவர்களைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நில்லுங்கள். அம்மாவிடம் நான் அப்படி நிற்கவில்லை. தினமும் மத்தியானம் என் வலது கை இங்கே காளியம்மா அக்காவின் கைக்கு அடியில் சூடாக இருக்கிறது. இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் அந்த வீட்டில், அம்மாவின் மூக்கைப் பிடித்தபடியே இருக்கின்றன.